எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளின் பராமரிப்பாளர்களுக்கான ஆதரவுக் குழுக்கள்

எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளை வளர்ப்பவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒன்றுகூடி, தம் சிக்கல்களைப் பகிர்ந்து ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பே பராமரிப்பாளர் ஆதரவுக் குழு. சமூகப் பணியின் அடிப்படை முறைகளுள் ஒன்றான குழுப்பணியில் இது அடங்கும். சமூகப் பணியாளரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ இதனை வழிநடத்துவார். வீட்டிலும் ஊரிலும் வாய்திறந்து சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல இடம் தருவதே இக்குழுவின் முதல் பயன்.

பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அந்த ஆய்வை மேற்கொண்டனர். தொற்றுள்ள பெண்கள் தாமே ஒன்றுசேர்ந்து நடத்தும் ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ 1998-இல் சென்னையில் தொடங்கியது. 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. 2006 இறுதியில் குழந்தைகளுக்கான தேசியச் சிகிச்சைத் திட்டம் வந்தது. இதன் பின்னர் தொற்றுள்ள குழந்தைகள் பள்ளிக்குச் சென்று வளர்ந்து பெரியவர்களாக முடிந்தது. அதனால் அவர்களைப் பல ஆண்டுகள் பராமரிப்பவர்களின் தேவைகளும் கவனம் பெற்றன.

பராமரிப்பாளர்கள்

பெரும்பாலும் தாயே பராமரிப்பாளர். அவருக்கும் தொற்று இருப்பது வழக்கம். பெற்றோர் இல்லாத குழந்தைகளைப் பாட்டி, சித்தி, அத்தை, மூத்த அக்கா போன்றோர் வளர்க்கின்றனர். நாள்தோறும் உரிய நேரத்தில் மருந்து கொடுப்பது இவர்களின் பொறுப்பு. அடிக்கடி மருந்து தவறினால் வைரஸ் அம்மருந்துக்குக் கட்டுப்படாத நிலை உண்டாகலாம். குழந்தையின் எடை கூடும்போது மருந்தின் அளவும் மாறும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இந்த மாற்றத்தை நினைவில் வைப்பதே பெரிய சுமை.

சிறிய ஊர்களில் உள்ள இடர்

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர் சாலையில் உள்ள ஆறுமுகநேரி போன்ற பேரூராட்சிகளில் பெரும்பாலும் எல்லாரும் எல்லாரையும் அறிவர். மாதந்தோறும் ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போகிறார் என்பதுகூடப் பேச்சாகிவிடும். உள்ளூரில் ‘எச்.ஐ.வி. பெற்றோர் கூட்டம்’ என்று அறிவித்தால் வருபவர்களின் இரகசியம் அன்றே வெளிப்பட்டுவிடும். ஆகவே, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற மாவட்டத் தலைநகர் மையத்தில், மருந்து வாங்கும் நாளிலேயே கூட்டத்தை வைத்துக்கொள்வது பொருத்தமாகும். தனியாக ஒரு பயணம் வேண்டாம்; ஒரு நாள் கூலியும் மிச்சமாகும். விடியும் முன்பே உப்பளத்துக்குச் செல்லும் தாய்க்கு இது சிறிய செய்தியன்று. அவர் வேலைக்குப் போனபின் காலை மாத்திரையை யார் கொடுப்பது என்பதும் குழுவில் பேச வேண்டிய பொருளே.

கூட்டம் நடைபெறும் விதம்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு பேச வசதியானது. இங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது முதல் விதி. ஒருவரை ஒருவர் பேருந்திலோ சந்தையிலோ கண்டால் எப்படி நடந்துகொள்வது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். அதன்பின் மருந்தின் பக்கவிளைவு, சத்துணவு, பள்ளி, உறவினர்களின் கேள்விகள் எனப் பேச்சு விரியும். சமூகப் பணியாளர் அறிவுரை கூறுபவராக இல்லாமல், உறுப்பினர்களின் அனுபவம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்ல வழிசெய்பவராக இருப்பார். “நமக்கு மட்டும் இல்லை” என்ற உணர்வே பலருக்கு முதல் ஆறுதல்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லுதல்

பராமரிப்பாளர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். ‘சத்து மாத்திரை’ என்று சொல்லி வந்த பொய், குழந்தை வளர வளர நிலைக்காது. காரணம் தெரியாத வளரிளம் பருவத்தினர் மருந்தை நிறுத்திவிடக்கூடும். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அவர்களின் அறிவு வளர்ச்சிக்கேற்பப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பரிந்துரைத்தது. “உடம்பில் ஒரு கிருமி தூங்குகிறது, மாத்திரை அதை எழவிடாது” என்பது போன்ற சொற்களில் தொடங்கி, பின்னர் நோயின் பெயரைச் சொல்லலாம். ஏற்கெனவே சொல்லிவிட்ட ஒரு தாயின் அனுபவம், இன்னும் சொல்லாதவருக்குத் துணிவு தரும்.

சட்டமும் உதவியும்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. கல்வி நிலையங்களில் பாகுபாடு காட்டுவதை இது தடைசெய்கிறது. பெற்றோரை இழந்த வீட்டில், குடும்பத்தை நடத்தும் முதிர்ச்சியுள்ள 12 முதல் 18 வயதுக்குட்பட்ட மூத்த பிள்ளை, தம்பி தங்கையின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, சிகிச்சை போன்றவற்றில் பாதுகாவலராகச் செயல்படவும் இது இடமளிக்கிறது. தமிழ்நாடு அரசு 2009-இல் 5 கோடி ரூபாய் வைப்புநிதியுடன், எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான அறக்கட்டளையை நிறுவியது. இத்தகைய உதவிகளுக்கு விண்ணப்பிக்கும் வழியைப் பலர் குழுவில்தான் அறிகின்றனர்.

வரம்புகள்

ஆதரவுக் குழு சிகிச்சைக்கு மாற்றாகாது. கடும் மனச்சோர்வு உள்ளவருக்குத் தனி ஆலோசனையும் மனநல மருத்துவமும் தேவை. ஒரே ஒருவர் இரகசியத்தை மீறினாலும் குழு கலைந்துவிடும். கலைந்தவர்கள் மருத்துவமனைக்கு வருவதையும் நிறுத்தக்கூடும். அதன் விளைவு குழந்தையின் மருந்தில் வந்து முடியும். எனவே குழுவில் நம்பிக்கையைக் காப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.