பிள்ளைகளுக்கு அரணாவோம்!

குழந்தைச் செல்வம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதமாகும். அதனை எவ்வாறு காத்தோம் என்று நாளை மறுமையில் நாம் வினவப்படுவோம்.

விடுமுறை நாட்களில் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையை நாடிச் செல்லும் குடும்பங்கள் பல. கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவில் ஸியாரத் செய்துவிட்டு, அப்படியே மாமல்லபுரம் வரை சென்று வருவோரும் உண்டு. அங்கே மணலில் கால் வைத்ததுமே பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறோம். அலை ஆர்ப்பரிக்கும் இடம் மட்டுமே ஆபத்தானதன்று. இரு பக்கமும் அலை உடைய, நடுவே அமைதியாகத் தோன்றும் நீர்தான் பல வேளைகளில் ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டமாக இருக்கும்.

இணையத்தின் ஆபத்தும் அத்தகையதே. அங்கே பிள்ளையை நாடி வரும் வஞ்சகன் மிரட்டிக்கொண்டு வருவதில்லை. விளையாட்டுத் தோழனாக, சம வயதுப் பிள்ளையாக நடித்து வருகிறான். பாராட்டுகிறான், மனக்குறையைப் பரிவுடன் கேட்கிறான், இது நமக்குள் இருக்கட்டும் என்கிறான். பின்னர் ஒரு படம் கேட்கிறான். படம் கைக்கு வந்ததும் குரல் மாறுகிறது. சொன்னபடி செய்யாவிட்டால் பெற்றோருக்கு அனுப்பிவிடுவதாக அச்சுறுத்துகிறான். படமே அனுப்பாத பிள்ளையின் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் வேறோர் உடலில் பொருத்தி மிரட்ட இன்று முடிகிறது.

வாசக அன்பர்களே! அவ்வஞ்சகனின் மூலதனம் எது? அத்தா அடிப்பார், அம்மா அழுவார் என்று நம் பிள்ளை கொண்டிருக்கும் அச்சமே அன்றோ! அந்த அச்சம் நீங்கினால் அவன் கை வெறுங்கையாகிவிடும்.

தடை ஒன்றே போதும் என்று எண்ணற்க. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறாருக்கு நேரும் தீங்கைக் கருதி டிக்டாக் செயலியைத் தடை செய்ய உத்தரவிட்டது. அம்மாதமே அத்தடை விலக்கப்பட்டது. 2020 ஜூனில் மத்திய அரசு நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதனைத் தடை செய்தது. ஆயினும் அதன் இடத்தை வேறு செயலிகள் நிரப்பிவிட்டன.

தகாத செயலுக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞர் ஒருவரை, சூழ்ந்திருந்தோர் அதட்டியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருகே அழைத்து அமர்த்தினார்கள். பொறுமையுடன் வினவி, அவரே உணரும்படி செய்து, அவருக்காக துஆவும் செய்தார்கள். வாய் திறந்து பேசிய இளைஞரை விரட்டாத அப்பண்பு நம் இல்லங்களில் உண்டா?

பிள்ளை வந்து சொன்னால் முதலில் செவிமடுங்கள். மிரட்டுபவனுக்குப் பணம் தராதீர்கள். செய்திகளை அழிக்காமல் ஆதாரமாக வைத்திருங்கள். அப்படத்தை உறவினர் எவருக்கும் அனுப்பாதீர்கள். அதனைப் பரப்புவதும் குற்றமாகும். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930 ஆகியவற்றில் ஒன்றை உடனே அழையுங்கள்.

குடும்ப மானம் கருதி மறைப்போரும் உளர். அவர்கள் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை அறிதல் நலம். உண்மைப் படமாயினும் புனைந்த படமாயினும், அதைக் காட்டிச் சிறாரை மிரட்டுவது அச்சட்டப்படி குற்றம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பெறலாம்; இயன்றவரை பெண் அதிகாரியே பெற வேண்டும்; அவர் சீருடையில் இருத்தலாகாது. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது.

இரவில் கைபேசி பிள்ளையின் படுக்கையருகே இராமல் கூடத்தில் இருக்கட்டும். அறிமுகமற்றோர் அணுகாவண்ணம் செயலிகளைப் பூட்டி வையுங்கள். இவை யாவும் வேலிகளே. "எது நேர்ந்தாலும் முதலில் என்னிடம் சொல், நான் உன் பக்கம் இருப்பேன்" என்று இன்றே உங்கள் பிள்ளையிடம் கூறுங்கள். அச்சொல்லே அரண். அதனைக் காப்பாற்றும் மன உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!