தேடுபொறியும் பின்னலாடை ஊரும்

கோவையிலிருந்து சேலம் செல்லும் பெருவழியில் அமைந்த பழம்பதி அவிநாசி. திருப்புக்கொளியூர் என்பது அதன் பண்டைப் பெயர். சுந்தரர் அவ்வூர்த் தெருவழியே வந்தபோது, எதிரெதிரே நின்ற இரண்டு வீடுகளில் ஒன்றில் மங்கல ஒலியும் மற்றொன்றில் அழுகை ஒலியும் கேட்டார் என்பது அடியார் வரலாறு. ஒன்றாக நீராடச் சென்ற சிறுவர் இருவருள் ஒருவனை முன்னொரு நாள் முதலை விழுங்கிற்று, மற்றவன் பிழைத்தான். பிழைத்தவனுக்கு அன்று பூணூல் மணம். எதிர்வீட்டுப் பெற்றோர் தம் மகனை எண்ணி அழுதனர். சுந்தரர் பதிகம் பாட, முதலை அச்சிறுவனை இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடும் மீட்டுத் தந்தது என்பர்.

இக்காலத்தில் அவிநாசியிலும், அதனை அடுத்த திருப்பூரிலும் வேறொரு வகையில் இக்காட்சி நிகழக்கூடும். எதிரெதிரே இரண்டு பனியன் நிறுவனங்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு வாரத்தில் ஒன்றுக்கு விசாரணைகள் வந்து குவிகின்றன. மற்றொன்றுக்கு அடியோடு நின்றுவிடுகின்றன. இரண்டின் துணியும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. மாறியது தேடுபொறியின் நெறிமுறை. அல்காரிதம் என்று வழங்குவது இதுவே.

பெரிய ஏற்றுமதியாளர்க்கு வெளிநாட்டு முகவர் உண்டு. பல்லாண்டு பழகிய வாடிக்கையாளரும் உண்டு. சிறு உற்பத்தியாளர்க்கோ இணையத்தளமே வாயில். தொலைநாட்டுக் கடைக்காரர் ஒருவர் குழந்தைகளின் பருத்தி ஆடை வேண்டித் தேடுகிறார். முதற்பக்கத்தில் தோன்றிய பெயர்களுள் சிலவற்றுக்கே எழுதுகிறார். மூன்றாம் பக்கத்திற்குத் தள்ளப்பட்ட பெயர் அவர் கண்ணிற் படுவதில்லை. ஆர்டர் குறைந்தால், அந்நிறுவனத்திற்குத் தைத்துத் தரும் பவர்டேபிள் கூடங்களில் தையல் பொறிகள் ஓய்ந்து நிற்கும். வாரக்கூலி பெறும் குடும்பங்களின் அடுப்பையும் இது தொடுகின்றது. ஆதலின், இதனைக் கணினிக்காரர் மட்டும் அறிந்தாற் போதும் என்று விட்டுவிடுதல் இயலாது.

தேடுபொறி செய்வது மூன்று வேலைகள். முதலாவது, அதன் நிரல்கள் இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று படித்தல். இரண்டாவது, படித்தவற்றை ஒரு பெரிய பொருளகராதியாகத் தொகுத்தல். மூன்றாவது, ஒருவர் கேட்ட சொற்களுக்கு ஏற்ற பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்தல். 1998-ஆம் ஆண்டில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இளைஞர் இருவர் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்கள் எத்தனை, அவை எத்தகையன என்று பார்த்து அதன் மதிப்பை அளந்ததே அவர்கள் கண்ட புதுமை. நற்சான்று கூறுவோரின் தொகையும் தகுதியும் நோக்கி ஒருவரை மதிப்பது போன்றது இது.

சான்றுக்கு மதிப்பு உண்டென்று தெரிந்ததும், சான்றை விலைக்கு விற்போரும் தோன்றினர். பயனற்ற தளங்களில் இணைப்புகள் விற்கப்பட்டன. ஒரே சொல்லை நூறுமுறை அடுக்கிய பக்கங்கள் எழுந்தன. அளவுகோலைத் திருத்துவதன்றித் தேடுபொறிக்கு வேறு வழியில்லை. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த ‘பாண்டா’ மாற்றம், படியெடுத்த எழுத்தும் உள்ளீடற்ற எழுத்தும் நிறைந்த தளங்களைக் கீழே இறக்கிற்று. பாண்டா என்றதும் கரடியினத்து விலங்கை நினைப்போர் பலர். உண்மையில் அது நவ்னீத் பாண்டா என்னும் பொறியாளரின் பெயர். 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ‘பெங்குவின்’ விலைக்கு வாங்கிய இணைப்புகளைத் தாக்கியது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 முதல், கைப்பேசியில் தேடுவோர்க்குக் கைப்பேசியில் படிக்கத் தக்க பக்கங்கள் முற்படுத்தப்பட்டன. 2024-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் தொடங்கிய மாற்றம் முடிய 45 நாள் ஆயிற்று. இவை பெருமாற்றங்கள், சிறியன ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன.

இவற்றுள் 2019-ஆம் ஆண்டின் ‘பெர்ட்’ தமிழ் மாணவர்க்குச் சுவை தருவது. ‘திருப்பூரிலிருந்து துணி அனுப்ப’ என்பதும் ‘திருப்பூருக்குத் துணி அனுப்ப’ என்பதும் ஒன்றல்ல. உருபு மாறினால் பொருள் தலைகீழாகும். ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் சிறு சொற்களை முன்னாளில் தேடுபொறி பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ‘பெர்ட்’ அச்சொற்களை அவற்றின் இடம் நோக்கிப் பொருள்கொள்ளக் கற்றது. அவ்வாண்டு டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்ட மொழிகட்கு அது விரிவாக்கப்பட்டது.

இனி வரும் மாற்றத்தின் பெயரோ நாளோ தள உரிமையாளர் முன்னறிய இயலாது. எனினும், மாற்றங்கள் எத்திசை நோக்கிச் செல்கின்றன என்பது மறைவன்று. கேட்டவர்க்கு உண்மையாகப் பயன்படும் விடையைத் தருவதே அத்திசை. பின்னலாடைக்காரர் பலர் தவறுவதும் இவ்விடத்திலேதான். ‘நாங்கள் முன்னணி உற்பத்தியாளர், தரமே எங்கள் குறிக்கோள்’ என்னும் தொடர் தளத்திற்குத் தளம் மாறாமல் வருகின்றது. துணியைத் தொட்ட அளவில் அதன் எடையைக் கூறவல்லவர், தம் தளத்தில் யாரோ எழுதிய வாய்பாட்டை ஒட்டிவைக்கிறார்! அவர்க்குத் தெரிந்தவை எவை? நூலின் எண் என்ன, கோம்டு நூலா கார்டட் நூலா, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம், காம்பாக்டிங் செய்தபின் துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சிங்கிள் ஜெர்சித் துணியில் ஓரத்தையல் முறுக்கிக் கொள்வதேன், இன்டர்லாக் துணி குளிர்நாட்டார்க்கு ஏற்பது எவ்வாறு, குறைந்த அளவு எத்தனை உருப்படி, அனுப்ப எத்தனை நாள். கொள்வோர் கேட்பவையும் இவையே. செக்கிங் மேசையில் நாள்தோறும் பிழை பொறுக்கும் பெண்ணிடம் கேட்டால் ஒரு பக்கத்திற்கு வேண்டிய செய்தி கிடைக்கும். பக்கங்களை மதிப்பிடுவோர்க்குக் கூகுள் வகுத்த கையேட்டில், 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘அனுபவம்’ என்பதும் ஓர் அளவாகச் சேர்க்கப்பட்டது.

தளத்தின் கட்டுக்கோப்பு அடுத்தது. அளவுப் பட்டியலைப் படமாக ஒட்டுவது இவ்வூர்த் தளங்களிலும் காணும் வழக்கம். படத்திலுள்ள எண்களை எழுத்தாகத் தந்தாலன்றி அவை தேடுவோர்க்கு எளிதிற் கிட்டா. பெரிய புகைப்படங்களால் பக்கம் தோன்றத் தாமதமாகும். முதன்மையான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிதல் நன்று என்பது கூகுளின் அளவு. கணினித் திரைக்கென ஒரு பக்கமும் கைப்பேசிக்கெனச் சுருங்கிய வேறொரு பக்கமும் வைத்திருப்போர், சுருங்கியதே இப்பொழுது பொருளகராதிக்குச் செல்கின்றது என்று அறிதல் வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகளை மாற்றினால், பழையதைத் தேடி வருவோரைப் புதியதற்கு அனுப்பும் நிலையான வழிமாற்று அமைத்தல் இன்றியமையாதது. இதனை மறந்து, நெறிமுறையின் மீது பழி சுமத்துவோரும் உளர்.

கணக்கு எழுதாத கடைக்கு இழப்பும் தெரியாது. ‘சர்ச் கன்சோல்’ என்னும் கட்டணமில்லாக் கருவியில், எச்சொற்களால் எத்தனைபேர் வந்தனர், பக்கம் எத்தனையாவது இடத்தில் நின்றது என்பன 16 மாதம்வரை காணக் கிடைக்கும். மாற்றம் முடிந்ததாக அறிவிப்பு வந்தபின் ஒரு வாரமேனும் பொறுத்து, மாற்றத்திற்கு முந்திய வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்திற்கு இறங்கியிருந்தால் எதையும் கலைக்க வேண்டுவதில்லை. நான்கிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியிருந்தால், எப்பக்கம் வீழ்ந்தது, அங்கே முன்னிற்பவர் கூறியதும் தாம் கூறாததும் யாவை என்று பார்த்தல் வேண்டும். பருவத்தையும் மறத்தல் ஆகாது. குளிர்கால ஆடையைத் தேடுவோர் கோடையில் குறைவது இயல்பு.

அந்நாளில் ‘ஏழு நாளில் முதலிடம்’ என்று விளம்பரம் செய்வோர் தேடி வருவர். அவர் விற்பது பெரும்பாலும் பழைய இணைப்புச் சரக்கே. திருத்தி எழுதிய பக்கம் மேலேறச் சில மாதங்கள் ஆகலாம். அடுத்த பெருமாற்றம் வரை காத்திருக்கவும் நேரலாம். சில பக்கங்கள் மீள்வதே இல்லை. ஆதலின், அறிந்த வணிகர் இவ்வொரு வாயிலை மட்டும் நம்பியிருப்பதில்லை. பழைய வாடிக்கையாளரின் முகவரிகளைத் தம்மிடமே குறித்து வைக்கின்றனர். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையேயுள்ள திருமுருகன்பூண்டியில் நடைபெறும் பின்னலாடைக் கண்காட்சியிலும் கடை விரிக்கின்றனர். அங்கே வருவோர் துணியை இருகையாலும் இழுத்து, ஒளியிற் பிடித்துப் பார்த்தபின்பே விலை கேட்கின்றனர்.