குண்டுமணி அழகுதான்... குழந்தை கையில் வேண்டாம்!

"வீட்டுல ஒரு குண்டுமணி தங்கம்கூட இல்லை" என்று அங்கலாய்க்கிறோமே, அந்தக் குண்டுமணி நிஜமாகவே தங்கம் நிறுத்த விதைதான். வேலியில் தானாகப் படரும் கொடி. புளிய இலை மாதிரி சின்னச் சின்ன இலை. காய் முற்றி வெடித்தால் உள்ளே சிவப்பு மணிகள், முனையில் மட்டும் கறுப்பு. எடை அதிகம் மாறாது என்பதால் பத்தர்கள் தராசில் போட்டார்கள். ஒன்று சுமார் 0.12 கிராம், இரண்டு சேர்ந்தால் ஒரு மஞ்சாடி எடை. அந்தக் கணக்கில் ஒரு சவரனுக்குச் சுமார் 66 குண்டுமணி வேண்டும். (இன்று விற்கிற விலையில் ஒரு மணி எடைக்கே நமக்கு மூச்சு முட்டுகிறது!)

இலையை மென்றால் அதிமதுரம் போல இனிக்கும். சித்த வைத்தியத்தில் விதையையும் சுத்தி செய்து சேர்ப்பதுண்டு. அது வைத்தியர் வேலை. நம் அடுப்படியில் செய்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை. ஏனென்றால் விதைக்குள் ஆப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதை அரைத்து, ஊசி போலக் காயவைத்து, மாட்டைக் குத்திக் கொன்றிருக்கிறார்கள்.

"நாங்க சின்ன வயசுல முழுங்கியிருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள் பெரியவர்கள். அதுவும் பொய்யில்லை. ஓடு கெட்டியானதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றாலோ, ஓட்டையிட்ட மணியாக இருந்தாலோதான் ஆபத்து. மாலை, வளையல் என்று கோத்து விற்கிறார்களே, அதெல்லாம் ஓட்டையிட்டவைதானே? இங்கிலாந்தில் 2011-ல் இப்படி விற்ற கைவளையல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு உடனே வராது. சில மணி நேரம் கழித்தும் வரலாம், மறுநாளும் வரலாம். விஷமுறிவு மருந்தும் கிடையாது. அதனால் குழந்தை கடித்துவிட்டது என்று தெரிந்தால், "நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திராமல், மீதி விதையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் குண்டுமணிக் கண் வைப்பது நம் வழக்கம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இரண்டு மிளகு வைத்துப் பாருங்கள், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். குண்டுமணிக் கண்ணோடு வாங்கினால், கரைக்கும் முன் இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக் கையோடு எடுத்துவிடுங்கள். என் மாமியார் அதை எண்ணிப் பார்க்காமல் பிள்ளையாரைக் கிணற்றடிக்கு அனுப்பவே மாட்டார்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்