பால் பவுடர் கிடைக்காத நாட்களில் பச்சிளங்குழந்தைக்குப் பாலூட்டுதல்

பிறந்த முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே குழந்தைக்குப் போதுமானது. ஆயினும் தாயின் கடும் நோய், அவர் உட்கொள்ளும் சில மருந்துகள், குறைப்பிரசவம், தாயை இழந்த நிலை எனப் பல காரணங்களால் பால் பவுடரைச் சார்ந்து வளரும் குழந்தைகளும் இருக்கின்றனர். அக்குழந்தைகளின் பெற்றோருக்காகவும், அவர்களுக்குத் துணைநிற்கும் பாட்டிமார், உறவினர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வழக்கமாக வாங்கும் டப்பா கடையில் இல்லாமற்போவது எங்கும் நிகழக்கூடியதே. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஒரு பெரிய ஆலையில் தயாரான பால் பவுடர், கிருமித்தொற்று ஐயத்தால் திரும்பப் பெறப்பட்டு, ஆலையும் மூடப்பட்டது. சில மாதங்களுக்கு நாடெங்கும் கடைகளின் அடுக்குகள் வெறுமையாயின. மே மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து இராணுவ விமானத்தில் பால் பவுடரைக் கொண்டுவர நேர்ந்தது. நம் ஊரில் இத்தகைய தட்டுப்பாடு பெரும்பாலும் மழையோடு வருகிறது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் பாலும் மின்சாரமும் சில நாட்கள் கிடைக்கவில்லை.

இத்தகைய நாட்களில் குழந்தைக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் கையிலிருக்கும் பாலை நீட்டிக்க நாம் செய்யும் முயற்சிகளால் விளைகிறது. அவற்றைத் தவிர்த்தாலே பெரும்பாலான குழந்தைகள் நலமாகத் தட்டுப்பாட்டைக் கடந்துவிடலாம்.

தண்ணீரைக் கூட்டாதீர்கள்

டப்பாவில் பவுடர் குறையும்போது, "ஒரு கரண்டி குறைத்துப் போட்டால் இன்னும் இரண்டு நாள் வரும்" என்று தோன்றுவது இயல்பு. தட்டுப்பாடு இல்லாத காலத்திலும் விலையை எண்ணிச் சிலர் இவ்வாறு செய்வதுண்டு. இது மிகவும் ஆபத்தானது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 30 மி.லி. நீருக்கு ஓர் அளவுக் கரண்டி என்று டப்பாவில் குறிப்பிட்டிருந்தால், 120 மி.லி. நீருக்கு 4 கரண்டி பவுடர் வேண்டும். 3 கரண்டி மட்டும் போட்டால் ஒவ்வொரு வேளையும் குழந்தை தனக்குரிய சத்தில் கால் பங்கை இழக்கிறது. வயிறு நீரால் நிறைந்துவிடுவதால் அழுகை நின்றுவிடும், உறங்கவும் செய்யும். ஆகவே குறை நடந்திருப்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை.

அதனினும் கடுமையான விளைவு ஒன்றுண்டு. பச்சிளங்குழந்தையின் சிறுநீரகங்களுக்கு மிகையான நீரை வெளியேற்றும் திறன் குறைவு. உடலில் தங்கும் நீரால் இரத்தத்திலுள்ள சோடியம் உப்பின் அளவு தாழ்கிறது. முதலில் சோர்வும் மந்தமும் தோன்றும். அளவு மேலும் தாழ்ந்தால் வலிப்பு ஏற்படலாம். 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் நீர் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

"கெட்டியாகக் கொடுத்தால் வலுவாக வளரும்" என்று கருதிப் பவுடரைக் கூட்டுவதும் தவறு. அது சிறுநீரகங்களுக்குச் சுமையாகி, உடலில் நீர் வற்றச் செய்யும்.

மாற்றாகக் கொடுக்கக் கூடாதவை

பெரியவர்கள் அன்போடு கூறும் சில மாற்றுகள், 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பொருந்துவதில்லை.

• அரிசிக்கஞ்சி, சவ்வரிசிக்கஞ்சி, ராகிக்கூழ்: இவற்றிலுள்ள புரதமும் கொழுப்பும் பச்சிளங்குழந்தைக்குப் போதா.
• தேநீர், காபிக்கான பால் பவுடர், இனிப்பூட்டிய கெட்டிப்பால்: இவை குழந்தை உணவுகள் அல்ல.
• ஆட்டுப்பால்: இதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, தொடர்ந்து கொடுத்தால் இரத்தச்சோகை ஏற்படும்.
• சோயாப் பால், பாதாம் பால், தேங்காய்ப் பால்: இவற்றால் குழந்தைக்கு வேண்டிய சத்துகளை ஈடுசெய்ய இயலாது.
• தேன்: ஒரு வயது நிறையும்வரை நாவில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, கைக்குழந்தைகளுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கலாம்.

வேறு பால் பவுடருக்கு மாறலாமா?

நிறைமாதத்தில் பிறந்து நலமாக வளரும் குழந்தைக்கு, ஒரு நிறுவனத்தின் பால் பவுடருக்குப் பதில் மற்றொன்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். இவற்றின் அடிப்படைச் சத்துகள் சட்டப்படி வரையறுக்கப்பட்டவை. மாற்றிய சில நாட்களுக்கு வாயுத்தொல்லையோ மலத்தின் நிறமாற்றமோ தோன்றலாம். பொதுவாக அது தானே சரியாகும். ஆனால் அளவுக் கரண்டி நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். பழைய டப்பாவின் கரண்டியைப் புதிய டப்பாவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

டப்பாவில் அச்சிட்டுள்ள நிலை எண்ணையும் கவனியுங்கள். முதல் நிலைப் பவுடரை 6 மாதத்திற்குப் பிறகும் கொடுக்கலாம். இரண்டாம் நிலைப் பவுடரை 6 மாதத்திற்கு முன் கொடுக்கக் கூடாது.

குறைமாதக் குழந்தைகள், பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள், பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்குரிய சிறப்புப் பால் பவுடரை நீங்களாக மாற்றாதீர்கள். அது கிடைக்கவில்லையெனில், டப்பா தீரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பசும்பால் எப்போது?

பசும்பாலில் புரதமும் உப்பும் மிகுதி. இரும்புச்சத்து மிகக் குறைவு. சில கைக்குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவையும் அது உண்டாக்கலாம். எனவே 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் பசும்பாலைத் தொடங்கக் கூடாது.

6 மாதம் கடந்த குழந்தைக்கு வேறு வழியில்லாதபோது, கொழுப்பு நீக்காத பாலை நன்கு காய்ச்சி, தண்ணீர் கலக்காமல், சில நாட்களுக்குக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு 700 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். இவ்வயதில் திட உணவே பெருந்துணை. குழைந்த பருப்புச் சாதம், இட்லி, ராகிக்கூழ், மசித்த கீரை, வேகவைத்த முட்டை ஆகியவற்றை வேளைதவறாமல் ஊட்டுங்கள்.

தாய்ப்பாலை மீட்டெடுக்க முடியும்

"பால் வற்றிவிட்டது, இனி வராது" என்று பல தாய்மார்கள் மனம் தளர்கின்றனர். தாய்ப்பால் சுரப்பு, குழந்தை சப்புவதாலும் மார்பிலிருந்து பால் வெளியேறுவதாலும் தூண்டப்படுகிறது. ஆகவே பாதி தாய்ப்பால், பாதி பவுடர் பால் கொடுப்பவர்கள் தாய்ப்பாலின் அளவைப் பெரும்பாலும் கூட்டிவிடலாம். முற்றிலும் நிறுத்தியவர்களுக்கும், குறிப்பாகக் குழந்தைக்கு 3 அல்லது 4 மாதங்களே ஆகியிருந்தால், மீண்டும் சுரக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

குழந்தையை உடலோடு உடல் ஒட்டி அணைத்துக்கொள்ளுங்கள். பகலும் இரவுமாக நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை மார்பில் சப்பவிடுங்கள். குழந்தை சப்ப மறுத்தால், மார்பின்மீது பாலைச் சொட்டுச்சொட்டாக விட்டுப் பழக்கலாம். கிண்ணத்திலுள்ள பாலில் மெல்லிய குழாயின் ஒரு முனையையும், முலைக்காம்பின் அருகே மறுமுனையையும் வைத்துச் சப்பச்செய்யும் முறையும் உண்டு. செவிலியர் இதனைக் கற்றுத் தருவார்கள்.

பலன் தெரியச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். அதுவரை பவுடர் பாலைத் திடீரென நிறுத்தக் கூடாது. குழந்தையின் எடையைப் பார்த்துப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். பால் மீளாத தாய்மார்களும் உண்டு. அது அவர்களின் குறையன்று. அவர்களைக் கடிந்துகொள்வதால் பால் சுரக்காது. வீட்டு வேலைகளைப் பிறர் ஏற்று, தாய்க்கு ஓய்வு கிடைக்கச் செய்வதே குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி.

தாய்ப்பால் வங்கி

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவமனைகளில் இவ்வங்கிகள் இயங்குகின்றன. இங்கே கொடையளிக்கும் தாய்மார்களுக்கு எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி முதலிய நோய்களுக்கான பரிசோதனை செய்யப்படும். பெறப்படும் பால் 62.5 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டுப் பாதுகாக்கப்படும். எடை குறைந்த, நோயுற்ற குழந்தைகளுக்கே அதில் முன்னுரிமை. இணையத்தின்வழி விற்கப்படும் தாய்ப்பாலை வாங்காதீர்கள். தாய்ப்பாலை வணிகப் பொருளாக விற்க நம் நாட்டில் அனுமதியில்லை. உறவுக்காரப் பெண்ணொருவர் பாலூட்ட முன்வந்தால், அவருடைய பரிசோதனை முடிவுகளை மருத்துவரிடம் காட்டிய பின் தொடங்குங்கள்.

பாதுகாப்பாகக் கலக்கும் முறை

பால் பவுடர் கிருமியற்ற பொருளன்று. ஆகவே பின்வரும் முறையைத் தவறாது கடைப்பிடியுங்கள்.

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பாத்திரங்களைக் கழுவி, 10 நிமிடம் கொதிநீரில் இடுங்கள்.
2. நீரைக் கொதிக்கவைத்து, அரைமணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். நீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருந்தால்தான் பவுடரிலுள்ள கிருமிகள் அழியும். புட்டியில் விற்கப்படும் குடிநீரையும் காய்ச்சவே வேண்டும்.
3. முதலில் நீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடரை இடுங்கள். கரண்டியைத் தலைதட்டி அளவிடுங்கள்.
4. பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூட்டைப் பார்த்த பின்னரே கொடுங்கள்.
5. கலந்த பாலை 2 மணி நேரத்திற்குள் கொடுத்துவிடுங்கள். குழந்தை குடித்தபின் மீந்ததை, எவ்வளவு அரிதாகக் கிடைத்த பாலாயினும், கொட்டிவிடுங்கள். வீணாகாமலிருக்க ஒருவேளைக்குச் சிறிதளவே கலந்து, தேவையானால் மீண்டும் கலந்துகொள்ளலாம்.

வெள்ளக் காலத்தில் பாட்டில்களை நன்கு தூய்மைசெய்வது கடினம். நம் வீடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பாலாடையே அப்போது சிறந்தது. அதில் இடுக்குகள் இல்லாததால் எளிதில் கழுவிக் கொதிக்கவைக்கலாம். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள்.

முன்கூட்டியே செய்யத்தக்கவை

நாளொன்றுக்கு 600 மி.லி. பருகும் குழந்தைக்கு 400 கிராம் டப்பா ஏறத்தாழ 5 நாட்கள் வரும். மழைக்காலம் தொடங்குமுன் இருவாரத் தேவைக்கு 3 டப்பாக்கள் இருந்தால் போதும். அதற்குமேல் வாங்கிக் குவித்தால் மற்றொரு குழந்தைக்குக் கிடைக்காமற்போகும். நிவாரண முகாமில் டப்பா கிடைத்தால், முத்திரை உடையாதிருக்கிறதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா, அது கைக்குழந்தைக்குரியதுதானா என்று பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார்கள் முகாம்களிலும் தாய்ப்பாலையே தொடர வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

• 6 மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழிக்காமை
• உச்சிக்குழி உள்வாங்குதல், வாய் உலர்தல்
• எழுப்பினாலும் விழிக்காத மந்தம், பால் குடிக்க மறுத்தல்
• தொடர்ந்த வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு
• காய்ச்சல், அல்லது உடல் சில்லிட்டுப்போதல்
• வலிப்பு

வலிப்போ மந்தமோ கண்டால் 108 ஆம்புலன்சை அழையுங்கள். ஐயங்களுக்கு 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

வீட்டில் கடைசி டப்பா பாதியாகும்போதே எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். அப்போது மாற்றுப் பவுடரைப் பரிந்துரைக்கவும், தாய்ப்பாலைக் கூட்டவும், தேவையெனில் வேறு ஏற்பாடு செய்யவும் எங்களுக்குக் காலம் இருக்கும். டப்பா முழுதும் தீர்ந்துவிட்டாலும் தயங்காமல் குழந்தையுடன் வாருங்கள்; எங்களை அடைய முடியாதபோது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். பணத்தட்டுப்பாட்டால் பவுடர் வாங்க இயலவில்லை என்றாலும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். உண்மை நிலை தெரிந்தால்தான் குழந்தைக்குப் பொருந்தும் வழியை நாங்கள் கூற இயலும்.