கிஸ்தி கேட்க வெள்ளைக்காரன் யார்?

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். திருநெல்வேலிச் சீமை அப்போது ஆற்காடு நவாபுக்கு உட்பட்டது. அப்படியிருக்க, கம்பெனிக்காரன் எந்த உரிமையில் கிஸ்தி கேட்டான்?

தேடிப்போனால் பதில் ஒரு நட்பில் போய் நிற்கிறது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம் சேர்ந்தபோது, முகமது அலி வாலாஜா கம்பெனியோடு சேர்ந்தார். நவாப் பட்டம் நிலைத்தது. படைச்செலவு அவர் பேரில் கடனாக ஏறியது. 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு இந்தப் பக்கம் வந்ததே நவாபுக்கு வரி வசூலித்துக் கொடுக்கத்தான்.

1761-ல் பாண்டிச்சேரி விழுந்ததும் பிரெஞ்சு பயம் குறைந்தது. ஆனாலும் நட்பு முறியல. ஏன்னா அடுத்த எதிரியாக ஹைதர் அலி வந்துவிட்டார்.

ஒவ்வொரு மைசூர்ப் போரிலும் நவாப் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தார். 1781-ல் வரி வசூலைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1785-ல் அது திரும்பக் கிடைத்தது. 1790-ல், திப்புவோடு போர் என்று கம்பெனி மறுபடி எடுத்துக்கொண்டது. 1792 ஒப்பந்தப்படி சீமை பேருக்கு நவாபுடையது. பாளையக்காரர்களிடம் வசூலிப்பது கம்பெனி. 1798-ல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனை விசாரித்த கலெக்டர் ஜாக்சனுக்கு அதிகாரம் கொடுத்தது இந்தக் காகிதம்தான்.

1799 மே 4-ல் திப்பு வீழ்ந்தார். கம்பெனிப் படைக்குக் கை ஓய்ந்தது. செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு. இது நமக்குத் தெரிந்த கதை.

அதே வெற்றி நவாபையும் காவு வாங்கியதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாபுகள் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனி குற்றம் சாட்டியது. அவற்றில் பெரும்பாலும் உபசார வார்த்தைகள்தான். 1801 ஜூலையில் வாலாஜாவின் மகன் உம்தத்-உல்-உம்ரா இறந்தார். கம்பெனியின் நிபந்தனைகளை அவர் மகன் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட அஸீம்-உத்-தௌலாவுக்கு, ஜூலை 31 ஒப்பந்தப்படி, பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை விழுந்தது அதே வருஷம் மே 24. எதிர்த்து நின்றவரும் கூட நின்றவரும் இரண்டு மாத இடைவெளியில் நாட்டை இழந்தார்கள்.

கடன், வரி, அதிகாரம் எல்லாமே பழைய தகராறுகள். திப்பு இருந்தவரை நவாபை ரொம்ப நெருக்கினால் அவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம். அந்தப் பயம்தான் கம்பெனியின் கையைக் கட்டியிருந்தது. அதாவது, நவாபுக்கு உண்மையான பாதுகாப்பு கம்பெனியின் படை இல்லை, கம்பெனியின் எதிரி!

ஹிட்லர் வீழ்ந்து மூன்றே வருஷத்தில், 1948-ல், கூட்டாளியாக இருந்த ரஷ்யா மேற்கு பெர்லினுக்குப் போகும் வழிகளை அடைத்தது. அங்கே இரு பக்கமும் பலசாலிகள். அதனால் பனிப்போரோடு நின்றது. இங்கே ஒரு பக்கம் கடனாளி. அதனால் போரே தேவைப்படல, ஒரு கையெழுத்தே போதுமாக இருந்தது.