வண்டி கிளம்பும்போது கேட்கும் சத்தம்: செலவுக்கு முன் காது கொடுப்போம்

தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தே தண்ணீர் வற்றியதா இல்லையா என்று சொல்லிவிடுகிறவர்கள் நாம். சரக்கைக் காதால் மதிப்பிடும் நாம், அந்தச் சரக்கைச் சுமக்கும் வண்டி காலையில் போடும் சத்தத்தை மட்டும் கவனிப்பதில்லை. "செல்ஃப் எடுக்கவில்லை" என்ற ஒரே சொல்லோடு பட்டறைக்கு ஆள் அனுப்புகிறோம். புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் என்று பில் வந்த பிறகுதான் விழிக்கிறோம்.

கோட்டாற்றிலோ வடசேரி கனகமூலம் சந்தையிலோ சரக்கு ஏற்றி, கடை திறக்குமுன் குலசேகரத்துக்கும் குளச்சலுக்கும் சேர வேண்டிய வண்டி ஒரு மணி நேரம் நின்றால், அன்றைய வியாபாரத்தில் ஒரு பங்கு போயிற்று. 2005-ல் டாடா ஏஸ் வந்த பின் சிறு கடைக்காரர்கள் பலரும் சொந்த லோடு வண்டி வைத்திருப்பதால், இது நம் எல்லோருக்கும் உரிய விஷயம்.

1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கெட்டரிங் என்ற பொறியாளர் உருவாக்கியது அது. அதற்கு முன் கைப்பிடியைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். நம் பழைய அம்பாசிடர்களிலும் அந்தக் கைப்பிடி இருந்தது. இன்றைய வண்டிகளில் அந்த வசதி கிடையாது. செல்ஃப் எடுக்காவிட்டால் வண்டி நின்றதுதான்.

சாவியைத் திருப்பியதும் சிறிய மின்சாரம் சொலினாய்டுக்குப் போகிறது. அது பேட்டரியின் பெரிய மின்சாரத்தை செல்ஃப் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. மோட்டாரின் பல்சக்கரம் முன்னே வந்து பிளைவீலின் பல்லில் கடித்து எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் பிடித்ததும் விலகிக்கொள்கிறது. எந்தப் படியில் கோளாறோ, அந்தப் படிக்குரிய சத்தம் வரும்.

"டக் டக் டக்" என்று வேகமாக அடித்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது, பூத்திருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் சந்தேகம் பேட்டரி மீதும் அதன் இணைப்புகள் மீதும்தான்.

ஒரே ஒரு "டக்" கேட்டு, வெளிச்சமும் மங்காமல் இருந்தால், சொலினாய்டையோ செல்ஃப் மோட்டாரின் கார்பனையோ பார்க்கச் சொல்ல வேண்டும்.

"விர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பல்சக்கரம் போய்க் கடிக்கவில்லை என்று பொருள். இதற்கு பேட்டரி மாற்றிப் பயனில்லை.

"கரகர" என்று இரும்பு அரைபட்டால் பல் தேய்ந்திருக்கிறது. இதைத் தள்ளிப்போடக்கூடாது, பிளைவீல் பல்லும் கெட்டால் கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டியிருக்கும், செலவு பல மடங்காகும். ஓடுகிற எஞ்சினில் மறுபடி சாவியைத் திருப்பினாலும் இதே சத்தம் வரும். டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

கிளம்பியதும் "கீச்" என்று கத்தினால் பேன் பெல்ட் தளர்ந்ததோ தேய்ந்ததோதான். மழைக்கால விடியலில் ஈரத்தால் ஒரு நிமிடம் கத்தி அடங்குவதும் உண்டு. தினமும் கத்தினால் பெல்ட்டைப் பாருங்கள். கிளம்பியதும் "கடகட" என்று உலோகச் சத்தம் கேட்டு, இரண்டு மூன்று வினாடிகளில் நிற்காவிட்டால், உடனே அணைத்து ஆயில் அளவைப் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஒரு பக்கம் உப்புக்காற்று. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என்று இரண்டு பருவ ஈரம். டெர்மினலும், பேட்டரியிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த் வயரும் சீக்கிரம் அரிக்கின்றன. கடலோர ஊர்க் கடைக்காரர் ஒருவர் பேட்டரியும் மாற்றி, செல்ஃபையும் கழற்றிப் பார்த்த பிறகு, பழுது துருப்பிடித்த எர்த் வயரின் நுனியில் இருந்தது தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது.

டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடிக்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் அமிலம் முறிந்து பொடி கரையும். அது பேட்டரிக்குள் மட்டும் போய்விடக்கூடாது. பிறகு துடைத்து, இறுக்கி, வேசலின் தடவ வேண்டும். வண்டியை அணைத்துவிட்டு, கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். பீடி, தீக்குச்சி பக்கத்தில் கூடாது.

மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னால் இன்னும் தெளிவு. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. அப்போது புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

சாவியைத் தொடர்ந்து 10 வினாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்கக்கூடாது. அரை நிமிடம் விட்டு மறுபடி பார்க்கலாம். தினமும் தள்ளிக் கிளப்புவது வைத்தியம் அல்ல, நோயை மறைப்பது.

ஆகவே செலவில் ஒரு வரிசை வைத்துக்கொள்வோம். முதலில் டெர்மினல், அடுத்து எர்த் வயர், பிறகு பேட்டரியும் சார்ஜும், கடைசியில்தான் செல்ஃப் மோட்டார். பட்டறையில் "பேட்டரி போடு" என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல், கேட்ட சத்தத்தைச் சொல்வோம். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குவோம். எடை பார்க்காமல் ஒரு மூட்டையும் இறக்காத நாம், சத்தம் கேட்காமல் ஒரு பில்லும் கட்ட வேண்டாம்.