பொன்மணியும் சீதன வீடும்

அட்டாளைச்சேனையிலும் அதனை அடுத்த கரையோர ஊர்களிலும் பெண் குழந்தை பிறந்தால் பெற்றோரின் சிந்தை வீட்டை நோக்கியே செல்லும். திருமணம் முடிந்தபின் மணமகன் பெண் வீட்டிற்கு வந்து குடியேறுவது அங்குள்ள முஸ்லிம்களின் நெடுநாள் வழக்கம். தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறியதொரு குடிலுக்கு ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோரும் உண்டு. அடுத்தடுத்துப் பெண்கள் இருப்பின், கல்லும் சீமெந்தும் தேடித் தந்தை படும் பாடு சொல்லி முடியாது. இதனை அறிந்த நேயர்களுக்குப் 'பொன்மணி' என்னும் திரைப்படம் அயலூர்க் கதையாகத் தோன்றாது.

1977ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களத் திரையுலகில் பெயர்பெற்ற அவர், யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக ஆசிரியராய் இருந்த காலத்தில் தமிழிலே எடுத்த படம் இது. கதை காவலூர் இராசதுரையுடையது.

பழைய மதிப்பு எஞ்சியிருந்தும் பணம் இல்லாத ஒரு வேளாளர் குடும்பம். சீதனம் சேராமையால் மூத்தவள் மணமாகாமலே காத்திருக்கிறாள். யாழ்ப்பாணத்திலே சீதனம் வெறும் ஊர்ப்பேச்சன்று. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்திலேயே இடம்பெற்ற சொத்து முறை அது. இளையவளாகிய பொன்மணியோ, தாழ்ந்த சாதியான் என ஊரார் ஒதுக்கிய இளைஞனை விரும்பி அவனோடு வெளியேறுகிறாள். அதற்காக அவள் உயிரே பறிக்கப்படுகிறது.

2011இல் சமோவாத் தீவிலிருந்து, அந்நாட்டு மொழியிலேயே முழுவதும் அமைந்த முதல் முழுநீளக் கதைப்படம் வந்தது. துசி தமசேசே இயக்கியது. அதிலே, இறந்த மனைவியின் உடலை அவளுடைய உறவினரிடமிருந்து மீட்பதற்காக, உருவத்திற் சிறிய ஒரு விவசாயி மரபு வழுவாது பேச எழுகிறான். மரபே அவனுக்கு நாவைக் கொடுக்கிறது. பொன்மணியின் வீட்டிலோ மரபு வாயை அடைத்துவிடுகிறது. முற்றமும் முகங்களும் நெடிய மௌனமுமாகப் படம் நகர்கிறது.

கிழக்குக் கரையில் வீடு பெண்ணின் உடைமையாவதால் அவளுக்கு ஒரு நிலையும் பிடிமானமும் உண்டு. இதனை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் சுவர் எழும்பும்வரை அவளும் காத்திருக்க வேண்டியவளே.

தென்னிந்தியப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகியிருந்த இரசிகர்களை 'பொன்மணி' பெரிதும் ஈர்க்கவில்லை. ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் சிறந்தவற்றில் ஒன்றென அதனை விமர்சகர் போற்றியது பின்னாளில்தான். பத்திராஜ 2018இல் காலமானார்.